பூட்டிய வீட்டில் ஒன்பது ஊர்கள்

முன்கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் போய்ப் பின்கதவை நகத்தால் மூன்று முறை சுரண்டினேன். கதவு ஒரு சாண் திறந்தது. காய்கறிப் பையை முதலில் தள்ளிவிட்டு, பிறகு நானும் உடம்பைக் குறுக்கி நுழைந்தேன்.

உள்ளே நான்கு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. மே மாதத்து மத்தியானம். மின்விசிறியைக் குறைத்து வைத்திருந்தார்கள். கயிற்றில் ஈரத்துணி வீட்டுக்குள்ளேயே காய்ந்து, அறை முழுக்கப் புளித்த வாடை.

"இன்னிக்கு இன்னா ஊருண்ணே?" என்று ரோஸ்மேரி கேட்டாள். கேட்டாள் என்பதைவிட, உதட்டை அசைத்தாள் என்று சொல்லலாம். அந்த வீட்டில் யாரும் குரல் எழுப்பி நான்கு நாளாகியிருந்தது.

"அரக்கு மலை."

"குளுருமா?"

"குளிரும். போர்வை எடுத்து வெச்சுக்கோ."

அவள் நிஜமாகவே கொடியிலிருந்து ஒரு துப்பட்டியை இழுத்துச் சின்ன மகளின் தோளில் போர்த்தினாள். வியர்வை வழிந்துகொண்டிருந்த குழந்தை களுக்கென்று சிரித்தது. உடனே அப்பன் ஆரோக்கியசாமியின் உள்ளங்கை அதன் வாயை மூடியது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அது நிற்கும்வரை நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். பிறகு நான் சொல்ல ஆரம்பித்தேன். ரயில் எத்தனை குகைக்குள் புகுந்து வரும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று.

எது சொந்த மாநிலம்

நான் லாரியில் சுற்றிய கதையை இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். உங்கள் சொந்த மாநிலத்தில் உங்களுக்குப் பிடித்த இடங்கள் எவை, குடும்பத்தோடு போய் வர உதவும், எழுதுங்கள் என்று.

எனக்குச் சொந்த மாநிலம் எது என்பதிலேயே தகராறு. அப்பா வட ஆற்காட்டிலிருந்து ரயில்வே ஒர்க் ஷாப் வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது செகந்திராபாத்தில். அப்போது நிஜாம் ஆட்சி. பிறகு ஹைதராபாத் மாநிலம் என்றார்கள். அப்புறம் ஆந்திரப் பிரதேசம் என்றார்கள். நான் அதே ரயில்வே லைன் வீட்டில்தான் இருந்தேன். மாநிலம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

அது ஓரிடத்தில் நின்ற பிறகு நான் நகர ஆரம்பித்தேன். ஆறாம் வகுப்பில் இரண்டாம் முறை தவறியதும் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. அதற்கப்புறம் எந்த வேலையிலும் ஒரு வருடம் முழுசாக இருந்ததில்லை.

பிடித்த இடங்களைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்குக் கை ஓடவில்லை. ஒரு காலத்தில் அதைத் தினமும் பேசினேன். ஒரு கோடை முழுக்க அதுவே என் பிழைப்பாக இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்துக்குப் பதிலாக அதையே வைத்துக்கொள்ளட்டும்.

போகாமல் போனவர்கள்

உப்பல் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அதில் வேலை பார்ப்பவர்களுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் சுற்ற விடுப்பும் பயணச் செலவும் தருவார்கள். எல்.டி.சி. என்று சொல்வார்கள். படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லாருக்கும் தெரிந்த மூன்று எழுத்து.

பெரும்பாலோர் போய் வந்தார்கள். சிலரால் முடியவில்லை. முன்பணத்தை வாங்கியிருப்பார்கள், அது வேறு எதற்கோ போயிருக்கும். ஆரோக்கியசாமி அங்கே லேத்தில் டர்னர். அவன் வாங்கியது ரோஸ்மேரியின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போய்விட்டது. தையல் பிரித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் விடுப்பு எழுதியாகிவிட்டது. ஒன்பது நாள், ஒன்பது ஊர்.

இப்படிப்பட்டவர்களுக்காக நரசிங்கராவ் என்று ஒரு ஏஜெண்ட் இருந்தான். ரயில், பஸ் டிக்கெட், சத்திர ரசீது எல்லாம் கொண்டுவருவான். ஆனால் காகிதம் மட்டும் போதாது. ஊருக்குப் போனவன் ஊரில் இருக்கக் கூடாது. வெளியூரில் உறவுக்காரர்கள் உள்ளவர்கள் அங்கே போய்விடுவார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் வெளியே பூட்டுப் போட்டுவிட்டு உள்ளே இருப்பார்கள்.

அந்தப் பூட்டைப் போடுவது நான். காய்கறி, தண்ணீர் கொண்டுபோவதும் நான். பக்கத்து வீட்டில் அதே தொழிற்சாலைக்காரர் இருந்தால் இன்னும் கஷ்டம். தாளிக்கக் கூடாது. குக்கர் வைக்கக் கூடாது. பம்ப் ஸ்டவ் இரையும் என்பதால் திரி ஸ்டவ்தான். மாரெட்பள்ளியில் ஆரோக்கியசாமி குடியிருந்த வரிசை வீட்டில் சுவர் ஒரே செங்கல் கனம். இருமலைக்கூடத் தலையணைக்குள்தான் இரும வேண்டும்.

நரசிங்கராவ் என்னைப் பிடித்தது பூட்டுக்காக மட்டும் இல்லை. "நீ எல்லா ஊரும் திரிஞ்சவன் காதா? வாளுக்குச் செப்பு" என்றான். அவர்களுக்கு ஊர்களைச் சொல்லிக் கொடு என்றான்.

கேண்டீனில் வரும் கேள்விகள்

சொல்லிக் கொடுப்பது எதற்கு என்றால், ஆபீஸ் குமாஸ்தா ஒன்றும் கேட்க மாட்டார். கேட்பவர்கள் கேண்டீனில் இருப்பார்கள்.

டூர் போய் வந்தவன் முதல் நாள் ஷிப்டுக்குப் போகும்போது அந்தந்த ஊரின் இனிப்பைக் கொண்டுபோய்த் தன் செக்ஷன் முழுக்கக் கொடுக்க வேண்டும். அது எழுதாத சட்டம். காக்கிநாடா காஜா, பந்தர் லட்டு, ஆத்ரேயபுரம் பூதரேகுலு. இனிப்பு வாயில் இருக்கும்போதே கேள்வி வரும். கோதாவரியில் தண்ணீர் எவ்வளவு இருந்தது? போரா குகையில் இப்போது விளக்குப் போட்டிருக்கிறார்களா? குணதலா மாதா கோயிலுக்குப் படி ஏறினீர்களா, ரோட்டில் போனீர்களா?

இனிப்பையும் நானே செகந்திராபாத்தில் வாங்கினேன். கடைப் பெயர் போட்ட பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாதாம் இலையில் கட்டிக் கொடுப்பேன்.

பத்தாம் நாள் விடிந்ததும் குடும்பத்தைப் பின்சந்து வழியாக வெளியே எடுத்து, ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து பெட்டி படுக்கையோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவேன். ரோஸ்மேரி அதற்காகத் தலையைக் கலைத்து விட்டுக்கொண்டாள். எதிர்வீட்டு ஹமீதா ஆபா வாசலில் நின்று, "டூர் போனா மனுசங்க கருத்து வருவாங்கோ. நீங்க இன்னாடி வெளுத்து வந்திருக்கீங்கோ?" என்றார். ஒன்பது நாள் வெயில் படாத முகங்கள். அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆபா அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

நான் பார்த்தவை

என்ன சொன்னேன் என்று கேட்டால், உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் பாதியைச் சொன்னேன்.

நாகார்ஜுனசாகர் அணை எனக்குப் பிடித்த இடம். அணை கட்டும்போது கேம்ப் சமையற்கட்டில் இருந்தேன். கல் சுமந்து சாரத்தில் ஏறும் பெண்களுக்கு டீ வாளி தூக்கிக்கொண்டு மேலே போவேன். மேலிருந்து பார்த்தால் கிருஷ்ணா நதி ஒரு கயிறு மாதிரி கிடக்கும். அதை அந்த வீட்டில் சொன்னேன். சாரம் சரிந்த அன்று வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடியதைச் சொல்லவில்லை.

ராஜமந்திரியில் கோதாவரிப் பாலம். லாரியின் மேல், நெல் மூட்டைமீது மல்லாந்து படுத்துக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தேன். படித்துறையில் குளித்தேன். அப்போது ஆற்றிலிருந்து அடித்த காற்றைப் போல ஒரு காற்று என்மேல் அப்புறம் பட்டதில்லை. லாரிக்காரன் என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான் என்பதைச் சொல்லவில்லை.

ஹார்ஸ்லி மலையில் யூகலிப்டஸ் வாசனை. அங்கே ஒரு பங்களாவில் வெந்நீர் போடும் வேலை. நல்ல குளிர். கம்பளி இல்லாததால் அடுப்புப் பக்கத்திலேயே படுப்பேன். இடதுகையில் இருக்கும் தழும்பு அங்கே வாங்கியது.

ஒவ்வொரு இடமும் இப்படித்தான். பார்க்கப் போனவனுக்கு அது இடம். பிழைக்கப் போனவனுக்கு அங்கே என்ன சாப்பிட்டோம், எங்கே படுத்தோம் என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். டூர் கதையில் அதற்கு இடம் கிடையாது. அதனால் வெட்டி எறிந்துவிட்டு அழகை மட்டும் கொடுத்தேன்.

ஆரோக்கியசாமியின் வீடு அந்தக் கோடையில் ஐந்தாவது வீடு. அதற்குள் எனக்கு அலுத்துவிட்டது. அதே அரக்கு, அதே கோதாவரி. பாதி வாக்கியத்தில் கொட்டாவி வரும். முதல் வீட்டில் என்ன வார்த்தை சொன்னேனோ, அதே வார்த்தை ஐந்தாவது வீட்டிலும் தானாக வந்தது.

ஏழாம் நாள், பீமிலி

விசாகப்பட்டினத்திலிருந்து கடற்கரை ஓரமாகவே போனால் பீமிலி என்று சின்ன ஊர். ஆறு கடலில் சேரும் இடம். ஒரு கலங்கரை விளக்கம், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள், மணலில் கவிழ்த்துப் போட்ட படகுகள். ஏழாம் நாள் அந்த ஊர்.

ரோஸ்மேரி செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கடலைப் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்து, வயிற்றின்மேல் தலையணையை அணைத்துக்கொண்டு கேட்டாள். மற்ற ஊர்களுக்கு எல்லாம் ஆரோக்கியசாமிதான் மனப்பாடம் செய்வான். கடலுக்கு அவளே கேள்வி கேட்டாள்.

"சத்தம் எப்பிடி இருக்கும்ண்ணே? விடாம இருக்குமா, விட்டு விட்டு இருக்குமா?"

"விட்டு விட்டு. ஆனா விட்ட மாதிரி தெரியாது."

பெரிய மகள் ஸ்டெல்லா தெலுங்கில், "சமுத்ரம் வாசன எலா உண்டுந்தி அங்கிள்?" என்றாள். கடல் எப்படி மணக்கும் என்று கேட்கிறாள். தமிழ் அவளுக்குப் புரியும், வாயில் வராது.

"கருவாட்டுக் கூடையை மழைல நனைச்ச மாதிரி."

"சீ, நக்கோ, வேணாம்" என்று மூக்கைப் பொத்தினாள் சின்னவள்.

அப்புறம் வழக்கமானதைச் சொன்னேன். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார், நம்மைப் பார்த்துச் சிரித்தார், பிள்ளைக்கு ஒரு சங்கு கொடுத்தார், காதில் வைத்தால் உம்மென்று கேட்டது, காசு கொடுத்தால் வாங்கவில்லை.

ரோஸ்மேரி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மத்த ஊரெல்லாம் பஸ்ல போறாப்பல சொல்றீங்கோ. இங்க மட்டும் உங்க மூஞ்சி வேற மாதிரி இருக்குது. அங்க எதுனா ஆச்சாண்ணே?"

"ஒன்னும் ஆகல. சங்கு குடுத்தாரு. அவ்ளோதான்."

அவள் நம்பவில்லை. ஆனால் ஆரோக்கியசாமி நம்பினான். விரலை மடக்கி மடக்கி, "வலை... சிரிச்சாரு... சங்கு... காசு வாங்கல" என்று பாடம் படித்துக்கொண்டான்.

ஐந்து சங்குகள்

ஆகஸ்டில் யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். தொழிற்சாலையில் விஜிலன்ஸ் விசாரணை வந்தது. சந்தேகத்துக்கு ஆளான என் ஐந்து வீட்டுக்காரர்களையும் தனித்தனியாக உட்கார வைத்துக் காகிதத்தைக் கொடுத்தார்கள். போன இடத்தில் பார்த்ததை எழுதுங்கள் என்றார்கள். எல்லாரும் நான் சொல்லிக் கொடுத்தபடி பிசகில்லாமல் எழுதினார்கள்.

இந்த ஐவரில் இரண்டு பேருக்கு அந்த வருடமே வேலை போய்விட்டது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு வெளியே இரானி ஹோட்டலில் உட்கார்ந்திருந்தேன். ஆரோக்கியசாமி தேடிப் பிடித்து வந்தான். எதிரில் உட்காராமல் நின்றபடியே கேட்டான்.

"ஏண்ணே, பீமிலில எத்தினி சங்கு இருந்துச்சு?"

எனக்குப் புரியவில்லை.

"அஞ்சு பேரும் சங்கு எழுதியிருக்கோம். அஞ்சு பேருக்கும் அதே ஆளு, அதே வலை, அதே சிரிப்பு. ஆபீசரு காயிதத்த வரிசையா அடுக்கி வெச்சுக்கினு கேக்கறாரு, அந்த ஆளு வலை பின்றாரா, சங்கு கடை வெச்சிருக்காரான்னு. நான் இன்னா சொல்றது?"

"உட்காரு சாமி."

"உக்கார மாட்டேன். ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு பொய்யி சொல்லியிருக்கலாம்ல? வாய்க்கு இன்னா நஷ்டம் உனக்கு?"

அவன் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான். முதல் வீட்டில் ஒரு குழந்தை வெளியே போக வேண்டும் என்று அழுதபோது அதன் வாயை அடைக்க நான் உண்டாக்கிய சங்கு அது. அடுத்த வீடுகளில் புதிதாக ஒன்றை உண்டாக்க எனக்குச் சோம்பல். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை ஒவ்வொருவரும் மனைவியோடும் சங்கோடும் வர வேண்டும் என்று உத்தரவு. ஒருவர் சங்கு உடைந்துவிட்டது என்று சொல்லப் போகிறாராம். ஒருவர் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாராம். இரண்டு பேர் கடைத்தெருவில் சங்கு வாங்கிவிட்டார்கள். நரசிங்கராவ் ஊரிலேயே இல்லை. அவன் நிஜமாகவே எங்கோ போயிருந்தான்.

"நான் பீமிலி போறேன்" என்றேன். "நாளைக்கு வண்டி ஏறினா திங்கக்கிழமைக்குள்ள வந்துருவேன். அந்த மணல்ல கெடக்கற சங்கே கொண்டாறேன்."

ஆரோக்கியசாமி அப்போதுதான் உட்கார்ந்தான். அந்த யோசனை அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது ரோஸ்மேரி ஒப்புக்கொள்ளவில்லை. அன்று ஜன்னலில் காகிதம் இல்லை. அவள் குரலும் தெருவரைக்கும் கேட்டது.

"நக்கோ. ஒரு சங்கும் வேணாம். நான் வர்றேன் ஆபீசுக்கு."

"வந்து?"

"கேட்டா சொல்லுவேன்."

"இன்னாத்த சொல்லுவ?"

"போவலன்னு சொல்லுவேன்."

"வேலை போயிரும்டி!" என்று அவன் கத்தினான்.

"சங்கு எடுத்துக்கினு போனா மட்டும் இருக்குமா? அவரு அஞ்சு சங்கையும் மேசைல வெச்சு எந்தச் சங்கு அந்தச் சங்குன்னு கேப்பாரு. நீங்க முழிப்பீங்கோ. உங்களுக்கு முழிக்க மட்டும்தான் தெரியும்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். இரண்டு பெண்களும் மூலையில் நின்றார்கள். நான் எழுந்து போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ரோஸ்மேரி எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

மேசைக்கு அந்தப் பக்கம்

ஏஜெண்டின் காகிதத்தில் டூர் கைடு என்று என் பெயர் இருந்தது. அதனால் திங்கட்கிழமை ஆரோக்கியசாமி தம்பதியோடு என்னையும் கூப்பிட்டார்கள்.

அதிகாரி ஓய்வு பெறும் வயதில் இருந்தார். தெலுங்கர். மதராஸில் படித்தவராம், தமிழ் நன்றாகவே வந்தது. சட்டைப் பையில் இரண்டு கண்ணாடிகள் வைத்திருந்தார். ஒன்று காகிதம் பார்க்க, ஒன்று மனிதர்களைப் பார்க்க. மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா. ஒன்பது ஊரில் எது நல்லா இருந்தது?"

ஆரோக்கியசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரோஸ்மேரி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"நாங்க போவல சார்."

அதிகாரி கண்ணாடியை மாற்றினார்.

"ஆபரேசன் ஆயிருந்துச்சு சார். சீட்டு இருக்குது." ஆஸ்பத்திரிக் காகிதத்தை மேசைமேல் வைத்தாள். "உள்ளாற இருந்து, வெளியே பூட்டிக்கினோம். ஒம்பது நாளு. புள்ளைங்க இருமினாக்கூட வாயைப் பொத்தினேன். அத்தினி நாளும் இந்த அண்ணன் வந்து ஊரச் சொன்னாரு. நாங்க கேட்டுக்கினு இருந்தோம். காசு இவரு எடுத்தாரு. எனக்காவ எடுத்தாரு. சம்பளத்துல பிடிச்சுக்கோங்க. வேலைய மட்டும் எடுத்துறாதீங்க."

அதிகாரி ஆஸ்பத்திரிக் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதை நான் எழுதிக்கொண்டால், மற்ற நாலு பேருக்கும் எதிராக இதுதான் சாட்சி. தெரியுமா?"

"என் வூட்டப் பத்தி மட்டும் எழுதிக்கோங்க சார்."

"அப்படி எழுத முடியாது."

அவர் எழுதிக்கொண்டார். எனக்குத் தெரிந்து அந்த வருடம் முழுக்க மாதா கோயிலில் இரண்டு குடும்பங்கள் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. அவளும் போய் அவர்களிடம் எதையும் விளக்கவில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீதான் கைடா? அந்தச் சங்கைக் கொடுத்தது யார்? நான் பீமிலிக்காரன். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே வலை பின்னுகிறவர்கள் எல்லாரும் எனக்குத் தெரியும்."

"யாரும் சங்கு குடுக்கல சார்."

"பின்னே?"

"கஞ்சி குடுத்தாங்க."

எனக்கு அதைச் சொல்லும் எண்ணமே இல்லை. அவர் ஊர்ப் பெயரைச் சொன்னதும் வாயில் வந்துவிட்டது. அந்தக் கடற்கரையில் ஒருமுறை காய்ச்சலோடு வந்து விழுந்தேன். கவிழ்த்த படகுக்கு அடியில் எத்தனை நாள் கிடந்தேன் என்று தெரியாது. வலை பின்னுகிறவரின் மனைவி அலுமினியச் சட்டியில் கஞ்சியும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து, காலால் மணலை ஒதுக்கிச் சமமாக்கி அதில் வைத்துவிட்டுப் போவாள். பெயர் கேட்டதில்லை. எழுந்து நடக்க முடிந்த அன்று சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். மாநிலத்தில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் அதுதான். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

அதிகாரி இதை எழுதிக்கொள்ளவில்லை. "மூவரும் வெளியே இருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். ஆரோக்கியசாமிக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். சாப்பாட்டு டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தான். யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை.

"கஞ்சிக் கதைய அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றாள் ரோஸ்மேரி.

"சொல்லியிருந்தா அஞ்சு பேரும் கஞ்சி குடிச்சிருப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. ஆரோக்கியசாமிதான் மூக்கால் ஒரு சத்தம் விட்டான். அன்று காலையிலிருந்து அவனிடமிருந்து வந்த முதல் சத்தம் அது.

சைரன் ஊதியது. உள்ளே போகிறவர்கள் டைம் ஆபீஸ் ஜன்னல் பக்கம் வரிசையாக நின்றார்கள். அங்கே சுவரில் ஒரு பெரிய பலகை, அதில் ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் எண் அடித்த ஒரு பித்தளைத் தகடு. தொழிலாளி தன் தகட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவான். சஸ்பெண்ட் ஆகிவிட்டால் தகட்டை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். ஆணி மட்டும் இருக்கும். ஆளுக்கு அதுதான் தகவல்.

"போய்ப் பாருங்கோ" என்றாள் ரோஸ்மேரி.

அவன் போனான். வரிசை மெதுவாக நகர்ந்தது. முன்னால் நின்றவன் உயரமானவன், பலகையை மறைத்தான். ரோஸ்மேரி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உயரமானவன் நகர்ந்தான். ஆரோக்கியசாமி பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பின்னால் இருந்தவன், "சலோ, இன்னாத்துக்கு நிக்கற?" என்று முதுகில் தட்டினான். ஆரோக்கியசாமி கையை உயர்த்தி எதையோ ஆணியிலிருந்து கழற்றினான். சட்டையில் துடைத்தான். டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமல் உள்ளே நடந்தான்.

வாட்ச்மேன் அவனுக்குப் பின்னால் கேட்டைச் சாத்தும்வரை ரோஸ்மேரி நின்றாள். பிறகு அங்கேயே, வேப்பமரத்தடி மண்ணில், கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.